பூ கேட்டவள்

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த வருஷம் அது. வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை. அதுக்கு தருமபுரிச் சனம் என்ன பாவம் பண்ணுச்சோ, பஸ்ஸெல்லாம் கரியில ஓட ஆரம்பிச்சுது. வண்டிக்குப் பின்னால ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. அதுல கரியைக் கொட்டி, விசிறியைச் சுத்து சுத்துன்னு சுத்திப் பத்த வெச்சா, அந்தப் புகையில வண்டி நகரும். நகரும்னுதான் சொல்லணும், ஓடும்னு சொன்னா வாய் கூசும். மேடு வந்தா ஆம்பளைங்க அத்தனை பேரும் எறங்கித் தள்ளணும். டிக்கெட்டையும் வாங்கிக்கிட்டு வண்டியையும் தள்ள வெச்ச அநியாயம் அந்தக் காலத்துலதான் நடந்துச்சு.

பென்னாகரத்துக்கும் தருமபுரிக்கும் நடுவுல ஓடுன அப்பிடி ஒரு பஸ்ஸுக்கு நஞ்சப்பன்னு ஒருத்தர் முதலாளி. அவர்கிட்ட இருந்த டைவர் பட்டாளத்து லாரி ஓட்டப் பேர் குடுத்துட்டுப் போயிட்டான். நஞ்சப்பன் ஊர் ஊரா ஆள் தேடினார். ஓட்டத் தெரிஞ்சவனெல்லாம் பட்டாளத்துக்குப் போயிட்டான், மிச்சம் இருக்கறவனுக்கு மாட்டு வண்டிதான் ஓட்டத் தெரியும். கடைசியில அவர் கண்ணு கிளீனர் பையன் மாதேஸ்வரன் மேல விழுந்துச்சு. அவனுக்கு அப்போ பதினேழு வயசு. லைசென்சுல இருபதுன்னு போட வெச்சார்.

"கால் எட்டுதாடா?"

"எட்டுதுங்க."

"அப்புறம் என்ன? ஏறு."

அவ்வளவுதான் பரீட்சை. ஒரு சோடி மாடு வாங்கறதுன்னா பல்லப் புடிச்சுப் பாப்பாங்க, சுழியப் பாப்பாங்க, நாலு நாள் ஏருல கட்டிப் பாப்பாங்க. ஒரு பஸ் சனத்தை ஒருத்தன் கையில குடுக்கறதுக்கு அந்த அக்கறைகூட வேண்டியதில்லாமப் போச்சு.

குள்ளம்மாளுக்குப் பெருமை தாங்கல. மாதேசோட ஆத்தா அவ. புருஷன் செத்து வருஷங்களாச்சு. ரோட்டோரமா இருந்த மேட்டுக்காட்டுல கேவுரு வெதைச்சு, ஒத்தைப் புள்ளையை வளத்தவ. இப்போ அந்தப் புள்ள அவ காட்டைத் தாண்டிப் போறப்பல்லாம் ரப்பர் ஆரனை ரெண்டு தரம் அமுக்கும். களையெடுத்துட்டு இருக்கறவ நிமுந்து பாப்பா. பக்கத்துக் காட்டுக்காரிங்க எல்லாரும் பாக்கறாங்களான்னும் பாப்பா. ஊர்ல அவளை டைவரம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. கேலியாத்தான் கூப்பிட்டாங்க, அவ அதைக் கேலின்னே எடுத்துக்கல. ஏரியூர்ல இருக்கற அவ தம்பி தீர்த்தன் தானா வந்து, "அக்கா, எம் பொண்ணு சின்னக்காளை மாதேசுக்கே கட்டிக் குடுக்கறேன், ஆவணி பொறக்கட்டும்" னு வெத்தல பாக்கு வெச்சுட்டுப் போனான். முன்னெல்லாம் இவ வூட்டுல ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காதவன் அவன்.

மாசி மாசம் ஒரு சந்தை நாள்ல அந்த விபரீதம் நடந்துச்சு. மூணாவது நடை. விடியறதுக்கு முன்னால எழுந்து கரி பத்த வெச்ச பையன், மத்தியானம் தாண்டியும் ஒரு வாய் சோறு திங்கல. புளியமரத்துச் சாலையில வண்டி எறக்கத்துல வருது. ஒரு ஆட்டுக்குட்டி ரோட்டுக்குக் குறுக்க ஓட, அதுக்குப் பின்னாலயே சேப்புப் பாவாடை கட்டுன ஒரு பொட்டப்புள்ள ஓடியாந்துச்சு. ஆட்டுக்குட்டி தாண்டிப் போயிடுச்சு.

புள்ளைய அவன்தான் தூக்குனான். மடியில போட்டுக்கிட்டு ரோட்டுலயே உக்காந்துட்டான். அதும் பேரு என்னன்னு அங்க இருந்தவங்களைக் கேட்டுட்டே இருந்தான். யாரும் சொல்லல.

நஞ்சப்பன் போனார், பேசினார், முடிச்சார். போலீசும் வந்து எழுதிக்கிட்டு, புள்ளதான் குறுக்க ஓடுச்சுன்னு போயிட்டாங்க. ஓடுனது நிசந்தான். ஆனா அந்த நிமிஷம் தன் கண்ணு சொக்கிச்சா, தெறந்திருந்துச்சான்னு மாதேசுக்கே தெரியல. சொக்கலைன்னு தெரிஞ்சிருந்தா அழுதுட்டு எழுந்திருப்பான். சொக்கிச்சுன்னு தெரிஞ்சிருந்தா ஜெயிலுக்காவது போயிருப்பான். ரெண்டும் தெரியாததுதான் அவனைத் தின்னுச்சு.

மூணாம் நாளே நஞ்சப்பன் ஆள் அனுப்பினார், வண்டி நிக்குதுன்னு. பையனும் போனான். போனானே ஒழிய, பழைய மாதேசு போகல. சோத்துல கைய வெச்சா அப்பிடியே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். படுத்தா தூக்கத்துலயே வலது காலால சொவத்தை ஓங்கி ஓங்கி மிதிப்பான். பிரேக்குப் போடறான்னு குள்ளம்மாளுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வெளங்குச்சு. மண் சொவரு, அந்த எடத்துல பேந்து குழியே வுழுந்துடுச்சு. காலையில அவன் எழுந்து போனதும் அவ சாணியும் மண்ணும் கொழைச்சு அதைப் பூசி வெப்பா. அக்கம்பக்கத்தாளுக கண்ணுல படக் கூடாதில்ல?

வண்டியிலயும் அதே கதைதான். வெறும் ரோட்டுல திடீர்னு நிறுத்திடுவான். எறங்கிப் போயி முன்னால குனிஞ்சு பாத்துட்டு வந்து ஏறுவான். மொதல்ல சனங்க சிரிச்சாங்க. அப்புறம் திட்டுனாங்க. அப்புறம் பொம்பளைங்க குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாங்க. ஆடி பொறக்கறதுக்கு முன்னால ஒரு நாள், வண்டியை நடு ரோட்டுல நிறுத்திட்டு, சனங்களை அப்பிடியே உட்டுட்டு, காடு மேடெல்லாம் நடந்து வூட்டுக்கு வந்து மூலையில உக்காந்துட்டான். அவ்வளவுதான், ஊர் வாய்க்கு அவல் கெடைச்சுது. பையனைச் செத்த புள்ளையோட பேயி புடிச்சிருக்குதுன்னு ஒருத்தி. பித்துத் திரும்பிடுச்சுன்னு ஒருத்தி. அவங்கப்பன் வகையில முன்னாலயே ஒருத்தனுக்கு இப்பிடி இருந்துச்சுன்னு, இல்லாத ஒருத்தனை உண்டாக்கியே பேசுனா இன்னொருத்தி. இந்தப் பேச்சு ஏரியூர் வரைக்கும் போறதுக்கு எத்தனை நேரம் ஆகும்?

குள்ளம்மாளும் சும்மா இருக்கல. மந்திரிச்சா, தாயத்துக் கட்டுனா, கோழி அறுத்தா. ஒண்ணுத்துக்கும் அசையல.

ஆடி ரெண்டாம் நாள் நஞ்சப்பன் நேரா வூட்டுக்கே வந்துட்டார். கயித்துக் கட்டில்ல உக்காந்து, அவ குடுத்த மோரைக் குடிச்சுட்டு, சிரிச்ச மொகமாத்தான் பேசினார்.

"ஆடிப் பதினெட்டு வருது குள்ளம்மா. ஒகேனக்கல்லுக்கு வண்டி விடறேன்னு சனத்துக்கிட்டச் சொல்லிப்புட்டேன். இவனை விட்டா அந்த மலைக் கணவாயில வண்டி எறக்க எனக்கு ஆள் ஏது? மாட்டேன்னு மூலையில உக்காந்தா ஊரு என்ன சொல்லும்? பைத்தியம்னு சொல்லும். அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்? ஒரு தரம் கணவாயில வண்டிய எறக்கி ஏத்திட்டான்னு வெய்யி, பேசுன வாயெல்லாம் மூடிக்கும். அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்காம். அவர் பஸ்ஸுக்கு நல்லதா, மாதேசுக்கு நல்லதான்னு கேக்க அங்க ஆள் இல்ல. குள்ளம்மாள் முந்தானையத் திருகிட்டு நின்னா. யோசிச்சுச் சொல்றேங்கன்னு அனுப்பி வெச்சா.

அவர் தலை மறைஞ்சதும் மாதேசு மூலையில இருந்து எழுந்து வந்தான். அவ காலுக்குப் பக்கத்துல உக்காந்தான். மீசை இன்னும் சரியா மொளைக்காத மொகம்.

"ஆத்தா, என்னால முடியல. கைய வெச்சா கை நடுங்குது. திருப்பத்துக்குத் திருப்பம் அந்தப் புள்ள நிக்குது. கணவாயில எல்லாம் திருப்பந்தான்."

"பயப்படாத கண்ணு. எல்லாம் சரியாப் போயிடும்."

"நான் மாட்டேன்னா பயந்தாங்கொள்ளின்னு சொல்லி இழுத்துட்டுப் போயிடுவாரு. நீ சொல்லு. எம் பையனை அனுப்ப மாட்டேன்னு நீ சொல்லு ஆத்தா. நீ சொன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது."

"சொல்றண்டா."

"சொல்லுவியா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல?"

சொல்லத்தான் நெனச்சா, பாவி. நெஞ்சாரத்தான் நெனச்சா. ஆனா நடுச்சாமம் வரைக்கும் பொரண்டு பொரண்டு படுத்து வேறொரு கணக்குப் போட்டா. தான் வேண்டாம்னு சொன்னா, பையன் பித்துன்னு தானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தீர்த்தன் வெத்தல பாக்கைத் திருப்பி அனுப்பிடுவான். டைவரம்மான்னு கூப்பிட்ட ஊரு பைத்தியக்காரன் ஆத்தான்னு கூப்பிடும். அதையே முனியப்பன் வேண்டாம்னு சொல்லிட்டா? சாமி உத்தரவுன்னு ஆயிடுச்சுன்னா, நஞ்சப்பன் மட்டுமில்ல, கலெக்டரே வந்தாலும் வாய் தெறக்க முடியாது. பையனுக்கும் கெட்ட பேரு இல்ல. கணவாய் முனியப்பன் அவளுக்குக் குலசாமி. மாதேசுக்கு மொத மொட்டை போட்டதே அங்கதான். தன் புள்ளையக் கொண்டு போயி கணவாயில எறக்குன்னு அவன் சொல்லவே மாட்டான். அதுல அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல.

இந்தச் சாமர்த்தியத்தை நெனச்சு அவ தன்னையே மெச்சிக்கிட்டு வேற தூங்குனா.

அந்தப் பக்கத்துல பூக் கேக்கறதுன்னு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமா, கெணறு வெட்டறதா, எதுவா இருந்தாலும் சாமியைக் கேட்டுக்குவாங்க. வெள்ளை அரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா இலையில மடிச்சு ஒரே மாதிரி பொட்டலம் கட்டி, சாமி காலடியில போட்டு, வெவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா செய்யலாம், செவப்பு வந்தா கூடாது. வந்ததுக்கு மேல பேச்சே கெடையாது. கேட்டுட்டு மீறுனவன் குடும்பம் தழைச்சதா அந்த ஊர்ல சரித்திரம் இல்ல.

அடுத்த செவ்வாக்கிழமை கணவாய்த் தலைப்புல இருக்கற முனியப்பன் கோயில்ல கூடினாங்க. நஞ்சப்பன் வந்திருந்தார். தீர்த்தனையும் அவ சொல்லி அனுப்பி வரவழைச்சிருந்தா, நாளைக்கு அவனும் சாட்சி சொல்லணுமே. மாதேசு மட்டும் அவ காதுல கேட்டான்.

"எதுக்கு ஆத்தா இது? நீ சொல்லுறேன்னுதான சொன்ன?"

"சும்மா இருடா. நான் சொன்னா நாலு பேர் பேசுவான். சாமி சொன்னா எவன் பேசுவான்?"

பூசாரி மாதையன் பொட்டலம் கட்டினார். சூதுவாது இல்லாத மனுஷன், எல்லாருக்கும் முன்னாலதான் கட்டினார். பத்த வெச்ச சூடம் அணைஞ்சதும் அவர் பேத்தி ஒண்ணு, இன்னும் நல்லாப் பேச்சு வராத குட்டி, தத்தித் தத்திப் போயி ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து அவர் கையில குடுத்துச்சு. பிரிச்சார்.

வெள்ளை.

குள்ளம்மாள் ஓரடி முன்னால வந்தா. "இன்னொரு தரம் போட்டுப் பாருங்க பூசாரி" ன்னா.

"என்னம்மா பேச்சுப் பேசற? சாமியையே சந்தேகப்படறியா? உங்கூட்டுக் குலசாமி, உம் புள்ளைக்கு வெள்ளை குடுத்திருக்குது. கும்புட்டு எடுத்துக்கிட்டுப் போவியா!"

தீர்த்தன் மொகத்துல சிரிப்பு. "பாத்தியாக்கா? பையனுக்கு ஒண்ணும் இல்லைன்னு சாமியே சொல்லிடுச்சு." நஞ்சப்பன் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நெடுஞ்சாண்கிடையா வுழுந்து கும்புட்டார். ஏன் கும்புட மாட்டார்?

மாதேசு ஆத்தா மொகத்தைப் பாத்தான். அப்போகூட அவ வாயைத் தெறந்திருக்கலாம். சாமி சொன்னாச் சொல்லிட்டுப் போவுது, எம் பையனை நான் அனுப்ப மாட்டேன்னு ஒத்த வார்த்தை. பெத்தவளுக்கு அதைச் சொல்ல எந்தச் சாமியோட உத்தரவு வேணும்? ஆனா கேட்டுட்டாளே. தானா வந்து, ஆள் கூட்டி, சூடம் ஏத்திக் கேட்டுட்டாளே. மீறுனா அவனுக்கே ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் பையன் அவகிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சோறு வெச்சாத் தின்னான், கூப்பிட்டா வந்தான். சாமி பேச்சு வேலை செய்யுதுன்னு அவளும் நெனச்சுக்கிட்டா.

ஆடிப் பதினெட்டு அன்னிக்கு வண்டியில மூச்சு விட எடமில்ல. உள்ள, படியில, மேல கூரையில, எங்க பாத்தாலும் சனம். புதுப் பொடவை, கட்டுச்சோறு, குழந்தைங்க அழுகை. காவேரியில புதுத்தண்ணி வந்திருக்கு, உச்சிக்கு முன்னால தலை முழுகிடணும்னு எல்லாருக்கும் அவசரம். நஞ்சப்பன் முன்னால உக்காந்திருந்தார். பையனுக்குப் பின்னால இருந்த பலகையில குள்ளம்மாள் உக்காந்துக்கிட்டா. நானும் வருவேன்னு அடம் புடிச்சு ஏறுனவ. கணவாய்த் தலைப்புல முனியப்பனுக்குத் தேங்கா ஒடைச்சாங்க. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினாங்க. பூசாரி மாதையன் மாதேசு நெத்தியில துன்னூறு பூசி விட்டார்.

எறக்கம் தொடங்குச்சு. அவ அவன் பிடரியையே பாத்துக்கிட்டு இருந்தா. வேர்த்து வழியுது. மொத திருப்பம் தாண்டுச்சு. ரெண்டாவதும் தாண்டுச்சு. அடேயப்பா, ஓட்டிட்டானேன்னு அவ நெஞ்சு லேசாச்சு. பக்கத்துல இருந்தவகிட்ட, "எம் பையன்" னுகூடச் சொன்னா.

அடுத்த திருப்பத்துல வண்டி நின்னுடுச்சு.

"என்னடா?" ன்னார் நஞ்சப்பன்.

"புள்ள நிக்குதுங்க."

"எந்தப் புள்ள? ஒருத்தனும் இல்லடா அங்க. எடு வண்டியை!"

"நிக்குதுங்க" ன்னான் மறுபடியும், ரொம்ப மெதுவா. கை பிரேக்கை இழுத்து வெச்சுட்டு எறங்கினான். பின்னாலயும் மேலயும் சனம் கூச்சல் போட்டுச்சு. என்னப்பா நேரமாவுது, தண்ணி கெடக்குது அங்க, இவனை எவன்டா ஓட்டச் சொன்னான்? எறக்கத்துல வண்டி நின்னா கிளீனர் செல்லன் குதிச்சுச் சக்கரத்துக்குக் கட்டை குடுக்கணும், அதுதான் அவன் வேலை. அவன் பின்னால கரியடுப்புக்கிட்ட இருந்தான், படியெல்லாம் ஆளு தொங்குனதுல காலை எடுத்து வெக்கவே அவனுக்கு எடமில்ல. கூரையில இருந்த நாலு வாலிபப் பசங்க வேடிக்கை பாக்கக் கூரையோட முன்பக்கத்துக்குத் தாவிக் குதிச்சானுங்க, வண்டி குலுங்குச்சு.

மாதேசு வண்டிக்கு முன்னால போயி நின்னான். குள்ளம்மாள் கண்ணாடி வழியாப் பாத்தா. வெறும் ரோடு. அந்த வெறும் ரோட்டுல அவன் குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டி, கொழந்தையைத் தூக்கறவன் மாதிரி எதையோ வாரினான். என்னமோ பேசினான்கூட. பேரு கேட்டிருப்பான்னு அவளுக்குத் தோணுச்சு. அப்போ அத்தனை பாரத்தைத் தாங்க முடியாம பிரேக்குக் கம்பி கொடகொடன்னு வுட்டுக் குடுத்து, வண்டி நகர ஆரம்பிச்சுது.

"டேய் மாதேசு!"

அவ கத்துனது ஊருக்கே கேட்டுச்சு. அவனுக்குக் கேக்கல. நிமுந்தே பாக்கல அவன்.

அவன் மேல ஏறுன வண்டி கொஞ்ச தூரம் போயி, பாறை ஓரத்துல முட்டி நின்னுச்சு. வண்டிக்குள்ள ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. எறங்குனதும் சனம் மொதல்ல பண்ணுன காரியம், கோயில் இருந்த தெசையைப் பாத்து, முனியப்பா காப்பாத்துனடான்னு கன்னத்துல போட்டுக்கிட்டதுதான். ஒரு உசுரை வாங்கிக்கிட்டு ஊரையே காப்பாத்திப்புட்டான்னாங்க. பாதிப் பேரு அங்க இருந்து நடந்தே போயி உச்சிக்கு முன்னால தலை முழுகிட்டாங்க. குள்ளம்மாள் ரோட்டுல உக்காந்து மடியில அவனைப் போட்டுக்கிட்டிருந்தா. பொடவை நுனியால அவன் மொகத்துல இருந்த மண்ணைத் தொடச்சா, தொடச்சா, தொடச்சுட்டே இருந்தா.

கருமாதி அன்னிக்கு நஞ்சப்பன் வந்தார், மாதையனைக் கூட்டிக்கிட்டு. தீர்த்தனும் வந்து வாசல்ல ஒதுங்கி நின்னான், சின்னக்காளுக்கு வேற எடம் பாத்தாச்சுன்னு ஊர்ல பேச்சு. மாதையன் நல்ல மனுஷன்னு சொன்னேன்ல, கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு அவருக்கு.

"அழுவாத தாயி. சாமி தன் புள்ளையத் தானே எடுத்துக்கிச்சு. வெள்ளைப் பூவுக்கு அர்த்தம் அப்போ நமக்கு வெளங்கல, இப்போ வெளங்குது. அந்தத் திருப்பத்துலயே உம் பையனுக்கு ஒரு கல்லு நட்டுடலாம்னு முதலாளி சொல்றாரு. போற வார வண்டியெல்லாம் தேங்கா ஒடைக்கும். சாமியாயிட்டான் உம் புள்ள. சாமி சொன்னதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"செலவெல்லாம் என்னுது" ன்னார் நஞ்சப்பன்.

குள்ளம்மாள் தலையை நிமுத்தி ரெண்டு பேரையும் பாத்தா. கண்ணுல தண்ணி இல்ல.

"சாமி மேல ஒரு குத்தமும் இல்ல பூசாரி. பூவு மேலயும் இல்ல. எம் பையன் எங்கிட்டத்தான் கேட்டான். இங்க, இந்த எடத்துல உக்காந்து, என்னால முடியல ஆத்தா, நீ வேண்டாம்னு சொல்லுன்னு எங்கிட்டத்தான் கேட்டான். நான் போயி சாமியக் கேட்டேன்."